காவலுக்கு உட்கார்ந்த நாய்

கடல் இல்லாத ஊர்க்காரன் நான். அலை வேண்டும் என்று உடம்பு நச்சரிக்கும்போதெல்லாம், திண்டுக்கல்லிலிருந்து நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலசமுத்திரம் பக்கத்து அணைக்குப் போய்விடுவேன். அங்கே மீன் பிடிக்கிற அக்கா ஒருவர் தன் பரிசலில் எங்களைக் கரையோரமாகவே கொண்டுபோவார். பிடித்த இடத்தில் இறங்குவோம். நாய் மோந்து பார்க்கும்; நான் சும்மா நடப்பேன்.

அந்தக் கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கி, மூழ்கிக் கிடந்த வயல்கள் வெளியே வந்திருந்தன. வரப்புகள் அப்படியே இருந்தன, யாரோ நேற்றுத்தான் மண் அணைத்துவிட்டுப் போனதுபோல. பரிசல் கரை தட்டுவதற்குள் நாய் தாவி ஓடிற்று. பின்னாலேயே போனேன். ஓர் எல்லைக்கல்லின் அடியில் வாழையிலை. அதிலிருந்த வெறும் சோற்றை நாய் தின்றுகொண்டிருந்தது. சோறு காயவில்லை. ஈரச் சேற்றில் எங்கள் இருவர் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

அக்கா பரிசலை விட்டு இறங்கவில்லை.

“ஏனுங்க தம்பி, அது காவல்சோறுங்க. தண்ணி வத்துனா, அணையில நெலம் போனவங்க வந்து வெச்சுட்டுப் போவாங்க. அதை எது திங்குதோ, தண்ணி ஏறுற வரைக்கும் வயலுக்கு அதுதான் காவல்.” சிரித்தார். “உங்க நாய்க்கு வேலை கெடச்சிருச்சுங்க.”

“வீட்டையே ஒருநா காத்ததில்லக்கா. இங்கயா காக்கப்போகுது?”

கூப்பிட்டேன். வரவில்லை. கல்லருகே உட்கார்ந்து வெற்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ நடந்துபோவதைத் தொடர்வதுபோல, வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதன் தலை மெல்லத் திரும்பிற்று. தூக்கப்போனேன். ஒருநாளும் என்னைப் பார்த்து உறுமாதது, உறுமிற்று.

மலைப்பக்கம் காற்று கிளம்பியது.

“காத்து எறங்குனா பரிசல் சுத்துமுங்க. இனி நிக்க முடியாது.”

“இத விட்டுட்டு எப்பிடிக்கா வாரது?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “மிச்சத்த வேற ஆளு தின்னா காவல் மாறிக்குமுன்னு எங்க மாமியா சொல்லுவாங்க. நெசமோ பொய்யோ.”

இலையில் ஒரு பிடி ஒட்டிக்கிடந்தது. இத்தனை வருடம் என் கட்டிலடியில் தூங்கிய உயிர். வழித்துத் தின்றேன். உப்பில்லை. சேற்று வாசம். அடிச்சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, நேரே போய்ப் பரிசலில் ஏறியது. அங்கிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் குரைத்தது, வாசலில் நிற்கும் தெரியாத ஆளைப் பார்த்துக் குரைப்பதுபோல.

“வாங்க தம்பி,” என்றார் அக்கா.

வரப்பில் ஏதோ நகர்ந்தது. செத்த நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது எனக்கு.