கெண்டைக்காலில் பட்ட கல்

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன்பாடி வண்டியில் கம்பியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து சேலையூர், மாடம்பாக்கம் வரை மிதித்தவன். இன்றைக்குக் கடை, குடோன், மாடி வீடு எல்லாம் இருக்கிறது. இவ்வளவும் என் சந்தேக புத்தி சம்பாதித்துக் கொடுத்தது. மணல் லாரி வந்து நின்றால், தண்ணீர் அடித்து உப்ப வைத்து அளவு காட்டுகிறார்களா என்று உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் ஒரு லோடும் நான் இறக்கியதில்லை.

போன கோடையில் டாக்டர் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் பார்க்கலாம். தினம் நடங்க, சாதத்தைக் குறைங்க. அப்பவும் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார். எனக்கு எதற்கும் பயமில்லை, ஊசியைத் தவிர. அதுவும் தினமும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அது என்னால் ஆகாது.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் ஹாலில் டிவியைப் போட்டு அறுபது நாள் உடற்பயிற்சி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். முதல் பத்து நிமிடம் டிவியில் இருப்பவர்கள் கையைச் சுற்றினார்கள், நின்ற இடத்திலேயே நடந்தார்கள். எனக்கு உடனே ஈர மணல் ஞாபகம் வந்தது. சும்மா நேரத்தை உப்ப வைக்கிறார்கள்.

"இன்னாடா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

"இது வார்ம் அப் பா. முதல்ல உடம்பைச் சூடு பண்ணிக்கணும்."

"மே மாசம் தாம்பரத்துல உடம்பைச் சூடு பண்றதுக்கு ஒருத்தன் டிவில வந்து சொல்லணுமா?"

"நீங்க இதுல இறங்காதீங்கப்பா. உங்களை நடக்கத்தான சொன்னாரு டாக்டர்."

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. மறுநாள் அவன் ஆபீசுக்குக் கிளம்பியதும் மொட்டை மாடிக்குப் போனேன். கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பனியன் நனைந்தது. சூடு பண்ணுகிற வேலையை வெயிலே முடித்துவிட்டது என்று நினைத்து, போனில் அதே வீடியோவைப் போட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்து, முதல் பத்து நிமிடத்தை விரலால் தள்ளிவிட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்கள் குதித்த மாதிரியே ஓட்டுத் தரையில் குதித்தேன். அவர்களை விட உயரமாகவே குதித்தேன்.

ஏழாவது குதியோ எட்டாவதோ, பின்னாலிருந்து இடது கெண்டைக்காலில் சுள்ளென்று ஒரு கல் பட்டது. சத்தமே கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து மாடியில் அந்த பேங்க் ரிட்டயர்ட் சார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு முருங்கை இலை எங்கள் வாசலில் கொட்டுகிற விஷயத்தில் எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை.

"சார், கல்லு உட்டது நீங்கதான?"

"நானா? என் கையில ஈர வேட்டி இருக்கு, பாருங்க."

"அப்ப யாரு உட்டது?"

"நீங்க குதிச்சீங்க, உட்கார்ந்துட்டீங்க. நான் பார்த்தது அவ்வளவுதான். கல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க, பேசலாம்."

மருமகளைக் கூப்பிட்டு மாடி முழுக்கத் தேடச் சொன்னேன். "மாமா, கல்லு எதுவும் இல்ல. ஒரு துணி கிளிப்புதான் கெடக்குது" என்றாள். "அது நம்முளுதா, அவருதா பாரு" என்றேன். அவருடையதுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கெண்டைச் சதை பாதி கிழிந்திருக்கிறது என்றார்கள். பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னது: "நிறைய பேர் இப்படித்தான் சொல்வாங்க அங்கிள், யாரோ பின்னால கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு."

பக்கத்து வீட்டுக்காரர் முன்னாடியே இவளிடம் பேசி வைத்துவிட்டாரோ என்று பட்டது. "உனக்கு எங்க தெரு பேங்க் சாரைத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "எந்த சார் அங்கிள்? உடம்பைச் சூடு பண்ணாம குதிச்சதுதான் காரணம்" என்றாள்.

"வெயில்ல நின்னேனே, அது கணக்குல வராதா?"

"வெயில் தோலைத்தான் சுடும் அங்கிள். சதை சூடாகணும்னா சதை வேலை செய்யணும். மெதுவா நடந்து, கையைக் காலை அசைச்சு, அப்புறம்தான் வேகம்."

ஒருமுறை சொன்னதும் நம்புகிறவன் இல்லை நான். நாலு நாள் கழித்து அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டேன். அதே பதில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் கேட் அருகே நின்று, "சார், அது கல்லு இல்லியாம். சதை கிழிஞ்ச சத்தமாம்" என்றேன். அவர், "சரி, கிளிப்பைக் குடுத்துடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆனால் டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் ஆறு வாரம் போய்விட்டது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சாதத்தைக் குறைக்க முடிந்தது, அசையத்தான் முடியவில்லை. மீதி ஆறு வாரத்தில் அந்தப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். ஷூ போட்டேன். கீழே ஜமுக்காளம் விரித்துக்கொண்டேன். பத்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்தேன். வீடியோவில் குதிக்கச் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். காலில் ஏதாவது இழுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன். கம்பி ஏற்றி மிதித்த எனக்கு இந்தப் பத்து நிமிடம்தான் பெரிய கஷ்டமாக இருந்தது, உடம்புக்கு இல்லை, மனசுக்கு.

பரிசோதனைக்கு ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தேன், ஒன்று தாம்பரம், ஒன்று குரோம்பேட்டை. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

"இறங்கியிருக்கு" என்றார் டாக்டர். "ஊசி வேண்டாம்."

"அதை எழுதிக் குடுங்க."

"ஊசி வேண்டாம்னு எழுதித் தரச்சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"நான் கேக்கறேன். தமிழ்ல எழுதுங்க, நானே படிச்சிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே எழுதினார். வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இப்போதைக்கு ஊசி தேவையில்லை.'

"இந்த 'இப்போதைக்கு' எதுக்கு சார்?"

"அது உங்க கையிலதான் இருக்கு. அடுத்த மூணு மாசம் பார்க்கலாம்."

எனக்கு அந்த ஒரு வார்த்தை மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவை விட்டுவிட்டு வீடு வரை நடந்தே வந்தேன், மெதுவாக.