முதல் நோட்டைத் தின்ற கம்ப்யூட்டர்

அவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர். திருவனந்தபுரத்து வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கம்ப்யூட்டரில் தான் எழுதிய இசைக்குறிப்பை ஓடவிடும்போதுகூட, வலது கையை உயர்த்திச் சைகை காட்டி இறக்கிய பிறகே இடது கையால் விசையைத் தட்டுவார். சிடியைப் போட்டாலும் அப்படித்தான்.

நான் அதே ஊரில் ஆரியசாலைப் பகுதியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்த சாப்ட்வேர் பாட்டோட முதல் நோட்டைத் தின்னுது கேட்டோ. இதுலேருந்து எடுத்த சிடியக் கேட்டுத்தான் எங்க ஆளுக படிக்காங்க. இப்ப எல்லாரும் ரெண்டாவது நோட்டுலதான் வாயத் தொறக்காங்க," என்றார். கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது.

கம்ப்யூட்டர் ஒலியெழுப்பத் தயாராவதற்குள் பாட்டு தொடங்கிவிடுகிறது. அதனால் பாட்டுக்கு முன்னால் சத்தமில்லாத நான்கு தாளத் தட்டுகளைச் சேர்த்தேன். முதல் நோட்டு வந்தது. புது சிடி எடுத்துக்கொண்டு போனார்.

ஆராதனைக்கு என்னையும் அழைத்திருந்தார். அவர் கை இறங்கியது. குழுவில் யாரும் பாடவில்லை. அந்த நான்கு தட்டுகளையும் அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். அவர் முகம் மாறாமல் மௌனத்துக்கும் கையசைத்தார். ஜெபம் என்று நினைத்துச் சபையார் தலை குனிந்தார்கள். போதகரும் குனிந்தார். பிறகு பாட்டு எழுந்தது.

வெளியே வந்ததும், "ஆரம்பத்துல அப்படி ஆயிடுச்சே சார்," என்றேன்.

"என்ன ஆச்சு? முதல் நோட்டு முழுசா வந்துதுல்லா?"

அடுத்த வருட ஆராதனை நிகழ்ச்சி நிரலில், முதல் பாட்டுக்கு மேலே 'மௌன ஜெபம்' என்று அச்சிட்டிருந்தது.