சாமி தூக்கிய வண்டி

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதனால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, என் பாடு என்று விட்டிருப்பேன். கெட்டது இன்னொருவர். அதுதான் இந்த வயதிலும் நெஞ்சை அறுக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எனக்கு எடை போடும் வேலை. சேலம் டவுனிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். அங்கே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மூட்டை இறக்குகிறவர்களில் ஒருவர் மல்லசமுத்திரத்துக்காரர். நல்ல உடம்பு, அதைவிட நல்ல குணம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகத்தான். அவர் ஊர் வழக்கப்படி கிழவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. ஆலைக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் "வா சாமி, உக்காரு சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் ஆலை வாசலில் கிழங்கு வண்டி ஒன்று குடை சாய்ந்தது. வண்டிக்காரரின் சின்ன மகள் அடியில் மாட்டிக்கொண்டாள். இவர் பாய்ந்துபோய் வண்டியைப் பிடித்து, "இரு சாமி, தூக்கறேன் சாமி, பயப்படாத சாமி" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். வண்டி எழும்பியது. பெண் முழங்கைச் சிராய்ப்போடு வெளியே வந்துவிட்டாள்.

மறுபக்கம் சக்கரத்துக்கு அடியில் ஒரு மூங்கிலைக் கொடுத்து நெம்பி, அதன் நுனியில் நான் தொங்கிக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மூட்டைகள் என்னை மறைத்துவிட்டன.

ஆலை இருந்த பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. அவர் தெய்வத்தைக் கூப்பிட்டார், அது அவர்மேல் இறங்கி வண்டியைத் தூக்கியது என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிள்ளையைத்தான் சொன்னேன் என்று அவர் மன்றாடியும் எடுபடவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி கேட்டு என்னிடம் வந்தார். நான் கத்தோலிக்கன், அவர்கள் சாமிக்கு வேண்டியவனுமில்லை, வேண்டாதவனுமில்லை.

"நீங்க வேதக்காரரு, பொய் சொல்ல மாட்டீங்க. அவரு மேல சாமி வந்துச்சா, இல்லியா?"

வந்தது என்றேன். அதோடு நிறுத்தினேனா? ஒற்றைக் கையால்தான் தூக்கினார் என்றும் சேர்த்துவிட்டேன்.

பிறகு கேட்க வேண்டுமா? அவருக்குச் சிவப்புப் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். அதை முதுகில் பறக்கவிட்டுக்கொண்டு அவர் சைக்கிளில் வருவதைப் பார்க்கத் தெருவே நிற்கும். சுற்று வட்டாரத்துப் பொடிசுகள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வைக்கோல் போரிலிருந்து குதித்தார்கள். கல்யாண வீட்டில் ஆட்டுக்கல்லை நகர்த்த அவர்தான் வேண்டும். திறக்க வராத எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஆலைக்கே வந்துவிடுவார்கள். ஆலைக்காரரும் தம் பங்குக்கு இரண்டு ஆள் மூட்டையை அவர் ஒருவர் முதுகில் ஏற்றினார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் மெதுவாக, "நெசமாவே ஒத்தக் கையிலயாங்க தூக்குனேன்?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் நடையே மாறிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் சுமை வண்டி ஒன்று அச்சு முறிந்து சேற்றில் இறங்கியது. நுகத்தடியில் கழுத்து இறுகி ஒரு மாடு கண் பிதுங்கிக் கிடந்தது. கைகொடுக்க இருபது பேர் இருந்தோம். அவர் வந்ததும் இருபது பேரும் விலகி வழிவிட்டோம். சிலர் கும்பிட்டார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன், பழைய தமாஷை நினைத்துச் சிரித்துக்கொண்டு. அவர் துண்டை இறுக்கிக் கட்டினார். யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து ஒரே மூச்சில் தூக்கினார். மாடு உருவிக்கொண்டு எழுந்தது. அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

முதுகெலும்பு விட்டுப்போயிற்று என்றார்கள். இனிச் சுமை தூக்கவே கூடாது, நடப்பதே சந்தேகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவரை ஊருக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் போட்டவர்களில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நானே மூன்று மாதம் கழித்துத்தான் போனேன். முகத்தில் விழிக்கப் பயம்.

மல்லசமுத்திரத்தில் அவர் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். என்னைக் கண்டதும் அவர் மனைவியிடம் காப்பி போடச் சொன்னார். காப்பி வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூங்கிலைச் சொன்னேன். ஒற்றைக் கை என் புளுகு என்று சொன்னேன். திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

அவர் வந்த காப்பியை முதலில் எனக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்.

"அந்த மாட்டு வண்டி சேத்துல எறங்குன அன்னைக்கும் நீங்க பக்கத்துலதானுங்களே நின்னீங்க. தெரிஞ்சிருந்தா, ஒரு கை புடிங்கன்னு உங்களக் கூப்புட்டிருப்பனுங்க."