சும்மா கிடந்த கொல்லை

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட காலத்தில், சைதாப்பேட்டைச் சந்தையில் ஒருத்தி கத்திரிக்காய் விற்றாள். மடியில் கைக்குழந்தை, வயிற்றில் இன்னொன்று. முன்பற்கள் இல்லை. கூடையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பில் கையை அழுத்திக்கொள்வாள். இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் முன்பே எச்சரித்திருந்தார்களாம். பக்கத்தில் நின்ற அவள் புருஷனிடம் அதைக் கேட்டேன்.

"கொல்லையில பாடுபட ஆள் வேணாமா சாமி?" என்று சிரித்தான்.

"கத்திரி போட்ட கொல்லைய ஒரு போகம் சும்மா உடுவாரு. இல்லாங்காட்டி மண்ணு செத்துப்பூடுமாம்," என்றாள் அவள், நிமிராமல். "நான் மண்ணாப் பொறந்திருக்கலாம்."

அதற்கும் சிரித்தான்.

அந்தப் பிரசவத்தில் அவள் இறந்துபோனாள். அடுத்த வருஷம் அதே இடத்தில் அவனுடைய புது மனைவி, அவள் பெற்றுப்போட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கீரை விற்றாள்.

"கத்திரிக்காய் இல்லையா?" என்று அவனிடம் கேட்டேன்.

"கொல்லையச் சும்மா போட்டுக்கீறேன் சாமி. பாவம், மண்ணு தேறணுமே" என்றான்.