லெவல் ஏறும் திசை

பொருளியல் எம்.ஏ. படிக்க வந்தவளைக் கணக்கைப் போட்டு எதற்கு வதைக்கிறார்கள் என்று முதல் செமஸ்டர் முழுக்க எரிச்சலிலேயே திரிந்தேன். அதன் பலனாகப் ‘பொருளியலுக்கான கணிதக் கருவிகள்’ தாளில் மண்ணைக் கவ்வினேன். மறுதேர்வு வாய்மொழியாக, பேராசிரியர் அறையில், பலகை முன்னால். அதிலும் போனால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். படிப்புக்காக நான் விட்டுவந்த கால் சென்டர் வேலைக்கே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மறுதேர்வு அன்று, எங்கள் ஊரான கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர் போகும் முதல் ரயிலில் உட்கார இடமில்லை. கதவோரம் நின்று சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து, பக்கத்திலிருந்த அம்மாள் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை.

பேராசிரியர் கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார். கேட்டதும் எளிய கேள்விதான். x, y என்று இரண்டு பண்டங்கள். ஒருவருக்கு ஒரே அளவு திருப்தி தரும் புள்ளிகளை இணைத்தால் ஒரு லெவல் வளைவு. அப்படி மூன்று வரைந்து, லெவல் ஏறும் திசைக்கு அம்புக்குறி போட வேண்டும். வரைந்தேன். மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அம்பையும் கீழ் மூலையைப் பார்த்து இழுத்தேன்.

பண்டம் அதிகமானால் திருப்தி குறையுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். சுரங்கத்தில் லெவல் என்றால் பூமிக்குள் ஒரு தளம். கீழே போகப் போக எண் கூடும். அப்பா எழுபதாவது லெவலில் வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் பெரிய லெவல் என்றால் பெரிய ஆழம். இதைப் பேராசிரியரிடம் விளக்கினேன். உளறினேன் என்பதே சரி.

படத்தை அழிக்க வேண்டாம், இந்தப் படம் சரியாக வரும்படி ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன், எழுது, ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார். கைகொடுக்கிறாரா, கழுத்தறுக்கிறாரா என்று புரியாமல் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே, திருப்தியை அளக்க வகுப்பில் எழுதும் xy-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டேன். திசை திரும்பியது. எண்களும் பொருந்துவதற்காக 4 − xy என்று எழுதினேன்.

குறையக் குறைய நல்லது என்கிற பண்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மதிப்பெண் போட வேண்டிய பேனா அவர் கையில் அசையாமல் இருந்தது.

“தூசி, சூடு” என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். சுரங்கத் தூசி அப்பாவின் நெஞ்சில் தங்கிவிட்டதையும், எங்கள் தெரு முனைவரை போக அவர் மூன்று இடத்தில் நிற்பதையும் சொன்னேன். இரவில் உட்கார்ந்தபடியே தூங்குவதைக்கூடச் சொன்னேன். அதையெல்லாம் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. அந்தப் பேனா அசைய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அசைந்தது. தேறிவிட்டேன்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

“இன்னா ஆச்சிம்மா?”

“பாஸ்ப்பா.”

சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

“இன்னா கேட்டாங்க?”

“கணக்குதாம்ப்பா” என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.