தங்கை வீட்டுக்கு ஒரு பாஸ்

என் தங்கையின் சக்கர நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் ஏறி உட்கார்ந்து, குளியலறை வாசலில் இறுகிக்கொண்டு, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் அந்தக் கதவு நிலையைத் திட்டித் தீர்த்த காலைப்பொழுதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிசனுக்கு விசரோ என்றுதான் நினைத்தேன். குருக்கள்மடத்திலிருந்து வந்த மேசன் அவர். மேசன்மாரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டைத் திருத்துவதற்காக நான் கூப்பிட்ட மூன்றாவது ஆள்.

கல்லடியில் ஒரே வளவுக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள். எங்கள் ஊரில் வீடென்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். முன்னால் புதிதாகக் கட்டியது எனக்கு, அம்மா இருந்த பழைய வீடு தங்கைக்கு. கல்முனை ரோட்டில் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு அவளுடைய கால்கள் இயங்கவில்லை. ஆனாலும் தைப்பாள், சமைப்பாள், வருகிற போகிறவர்களையெல்லாம் வாயாலேயே ஓட ஓட விரட்டுவாள். குளிப்பதற்கு மட்டும் நான் வேண்டும். ஆறு வருடம் தூக்கி இறக்கிக் குளிப்பாட்டினேன். ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அக்கா, கோவிக்காத. ஒரு நாளைக்காவது கதவ உள்ளால பூட்டிப்போட்டு நான் தனியக் குளிக்கணும்." அடுத்த நாளே ஆள் தேடத் தொடங்கினேன்.

முதலில் வந்தவர் டவுனில் பெயர் போன கொந்தராத்துக்காரர். போன் நிறையக் குளியலறைப் படங்கள், கண்ணாடிக் கதவுகள், மின்னுகிற டைல்கள். நான் மயங்கித்தான் போனேன், மறைப்பானேன்! அவர் பேசியதெல்லாம் என் கணவரோடு. கணவரோ பாவம், அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தங்கையிடம் கேட்டுவிட்டு அடிக்கிறவர். இரண்டாவது ஆள் கணவர் பக்கத்துச் சொந்தம். எதைக் கேட்டாலும் "அதெல்லாம் செய்யலாம் மச்சான்" என்றார். சொந்தக்காரன் வேலையில் பிழை விட்டால் வாய் திறந்து பேசவும் முடியாது. தங்கை முடிவாகவே சொல்லிவிட்டாள். "அந்தாளுக்கு நான் தேத்தண்ணி மட்டும்தான் குடுப்பன். வீட்டக் குடுக்கமாட்டன்."

மூன்றாவதாக வந்த பாஸ் கேட்ட முதல் கேள்வி, "வீடு ஆர்ட பேரில?" என்பது. தங்கையைக் காட்டினேன். "அப்ப அவவிட்டத்தான் நான் கதைக்கணும்" என்று அவள் முன்னால் போய்க் குந்தினார். அவளைக் கட்டிலுக்கு மாறச் சொல்லி நாற்காலியை வாங்கினார். அதில் உட்கார்ந்து வீடு முழுக்க ஓடிப் பார்த்துத்தான் அந்த வாசலில் போய் இறுகினார். நானும் கணவரும் இழுத்தெடுத்தோம். "வாசல் காணாது. உள்ளுக்க போனாலும் கதிர கிறுகாது. எல்லாத்தையும் உடைக்கணும் பிள்ள" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே. நாற்காலி உள்ளே திரும்புமா என்று முன்னால் வந்த இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அதற்காக உடனே வேலையைக் கொடுத்துவிடவில்லை. அவர் மூன்று மாரிக்கு முன்னர் திருத்திய வீடொன்றின் விலாசத்தை வாங்கி, நல்ல மழை நாளாகப் பார்த்துக் குடையும் கையுமாகப் போய் நின்றேன். வீட்டுக்காரியிடம் நேரே குசினிக்குள் போய், அடுப்படியில் வைத்தே கேட்டேன். "பாஸுக்கு வாய் கொஞ்சம் கூடுதல். சண்ட பிடிப்பார். ஆனா வேலைல பிழை சொல்ல ஏலா, பாருங்க" என்று குளியலறைக் கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினாள். அந்த மழையிலும் கதவு வீங்கவில்லை, நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. திரும்பி வரும்போதே மனத்தில் முடிவு செய்துவிட்டேன்.

வாய் கூடுதல் என்று அந்த வீட்டுக்காரி சொன்னது எவ்வளவு உண்மை! நாற்காலியிலிருந்து மாறப் பிடிக்கிற கம்பியை எந்தப் பக்கம் பூட்டுவது என்று பாஸ் தங்கையிடம் கேட்டார். அவள் வாய் திறக்க முதல், "வலது பக்கம்" என்றேன் நான். முப்பது வருடம் ஆசுபத்திரியில் தாதியாக, ஊருக்கு மிஸ்ஸியாக இருந்து நோயாளிக்காக நானே பதில் சொல்லிப் பழகியவள். பாஸ் பென்சிலைக் காதில் செருகினார். "மிஸ்ஸி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

என் தங்கைக்கு எது தேவை என்று எனக்கா சொல்லித் தரப் போகிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தாளை நாளைக்கே நிறுத்துகிறேன் என்று கணவரிடம் கத்திவிட்டுத்தான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் தங்கை சுவரோடு நாற்காலியை ஒட்டி நிறுத்தி, கையை எட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பாஸ் அவள் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அது இடது கை. ஆறு வருடமாகத் தன் உடம்பை அவள் இடது கையால்தான் இழுத்து நகர்த்துகிறாள். அவளை ஒவ்வொரு நாளும் தூக்கிய எனக்கு அது தெரியாது. தூக்கிக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்? வெட்கமாக இருந்தது. "நீ ஏன்டி சொல்லல்ல?" என்றேன். "நீ எங்க என்னக் கேட்ட?" என்றாள்.

அந்தச் சுவரில் கம்பி இடது பக்கம்தான் ஏறியது. வாசல் அகன்றது, நிலம் வாசல் மட்டத்துக்கு இறங்கி வழுக்காமல் சொரசொரப்பானது, குழாய் அவள் கைக்குத் தாழ்ந்தது. அதற்குப் பிறகு பாஸ் அவளிடம் மட்டுமே கேட்டார். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

வேலை முடிந்த அன்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பழக்கத்தில் அவள் பின்னாலேயே போனேன். கையை நீட்டித் துவாயை மட்டும் வாங்கினாள். நாற்காலி ஒரே சுற்றில் உள்ளே திரும்பியது. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. முற்றத்தில் வேலைச் சாமான் கழுவிக்கொண்டிருந்த பாஸ் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். தண்ணீர் விழத் தொடங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏதும் வேணுமாடி?" என்று கதவருகில் போய்க் கேட்டேன்.

"ஓம்" என்றாள் உள்ளேயிருந்து. "நீ அங்கால போ."