ஹார்ட் டிஸ்க்கைச் செருகியது நான்தான்

கொடைக்கானல் மலையில் இருந்த எங்கள் தாவரவியல் துறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் கிடையாது. பல்கலைக்கழகத்தின் மற்ற துறைகள் எல்லாம் கீழே சமவெளியில். ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் பெருமாள்மலையில் நின்றபோது துறைத்தலைவர் போனில் கூப்பிட்டார்.

"வெரசா வாங்க. ஒரு ஃபைலும் தெறக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால், சர்வரில் இருந்த கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் தந்தால்தான் பூட்டைத் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல். அறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார் ஒருவர், எதையும் தொடக்கூடாது என்றார் இன்னொருவர். இப்படி நடந்தால் யார் முடிவெடுப்பது என்று நாங்கள் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. கீழே பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். மழையில் லைன் கிடைக்கவில்லை.

வாசலில் ஆய்வு மாணவி நின்றாள். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்தில் பூண்டு பயிரிடுகிற வீட்டுப் பெண். ஆறு வருடம் சோலைக்காடுகளில் மரம் மரமாக அளந்த கணக்கு அந்த சர்வரில்தான் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம்தான் பாக்கி.

"அண்ணே, பேக்கப் இருக்குல்ல?"

இருந்தது. மாதம் ஒருமுறை நான் நகல் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடனே காட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் அதைக் கொண்டுபோய் அந்த சர்வரிலேயே செருகிவிட்டேன். அவளுடைய ஃபோல்டர் திறந்தது. "அப்பாடா" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. பிடுங்கி எடுத்தேன். அதற்குள் அவளுடையது மொத்தமும் போய்விட்டது.

அவள் கத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, "இனி நா என்னண்ணே செய்ய?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம், இனி இப்படி நடந்தால் செய்ய வேண்டியதை எழுதித் தரும்படி துறைத்தலைவர் என்னிடமே சொன்னார். தலைமை அலுவலகம் அனுப்பிய மாதிரி விதிகளில் 'பாதுகாப்புக் குழுவை அழைக்கவும்' என்று இருந்தது. இங்கே குழு என்றால் நான் ஒருவன்தான். எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் ஒன்றரைப் பக்கம் தேறியது. பாதிக்கப்பட்ட கணினியில் எதையும் செருகக் கூடாது என்ற விதிக்குக் கீழே, நான் செய்ததை நடந்தபடியே எழுதினேன்.

துறைத்தலைவர் படித்தார். "இத எடுத்துருங்க. ஒங்க வேலைக்கே ஒல வச்சிரும்."

"எடுத்துட்டா, அந்த விதி எதுக்குன்னு யாருக்கும் வெளங்காது சார்."

இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது.

முதல் நான்கு வருடக் கணக்கு அவளுடைய நோட்டுகளில் இருந்தது. மத்தியானங்களில் நான் வாசிக்க, அவள் தட்டினாள். கடைசி இரண்டு வருடத்தை டேப்லெட்டிலேயே பதிந்து, சர்வருக்கு மாற்றியதும் அழித்திருந்தாள். அது போனது போனதுதான். அவகாசம் வாங்கி, இரண்டு அத்தியாயங்களைச் சுருக்கித்தான் சமர்ப்பித்தாள்.

ஆய்வேட்டின் பிரதி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கடைசி இரண்டு வருடக் கணக்கு 'தொழில்நுட்பக் காரணங்களால்' விடுபட்டது என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. நன்றியுரையில் இருந்தது.